ஸ்கெல்சி மண்

ஸ்கெல்சியில் வழி கேட்டால் கடலைத்தான் கைகாட்டுவார்கள். பழைய பள்ளிக்கூடம் எங்கே என்றால் காற்றாலைக்குப் பின்னால் என்பார்கள். காற்றாலை எங்கே என்றால் கடற்கரைத் தெரு முனையில் என்பார்கள். மூன்றும் தண்ணீருக்குள் போய் வெகுகாலம் ஆகிறது. நடுத்தெருதான் இப்போது ஊரின் கிழக்குக் கடைசி. 'கப்பல்' என்ற மதுக்கடை மூன்று முறை இடம் மாறி, ஒவ்வொரு முறையும் பெயர்ப்பலகையைச் சுமந்துகொண்டு மேற்கே நகர்ந்திருக்கிறது. கரை முழுக்கச் செங்குத்தான களிமண் மேடு. கடல் அடியில் அரிக்கும், மழை மேலே ஊறும், ஒருநாள் ஒரு துண்டு அப்படியே உட்கார்ந்துவிடும். ஊர்க்காரர்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள், தேநீர் குடிக்க வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இந்த ஊரில் நெவில் ஸ்டாம்ஃபர்துக்கு ஒரே ஒரு காரியம் பாக்கி இருந்தது. மனைவி தெல்மாவைத் தோண்டி எடுத்து ஹாலத்தில் புதைக்க வேண்டும். கடல் அவளிடம் வருவதற்குள் அதைச் செய்ய வேண்டும்.

ஹாலம் மேற்கே இருக்கிறது. ஓடையைத் தாண்டினால் மேடு, மேட்டில் ஹாலம். ஒரு குழாய்ப் புகையிலை தீர்வதற்குள் நடந்து போய்விடலாம். ஆனால் போகிற ஆள் இல்லை. ரயில் போட வந்த காலத்தில், நிலையம் கடலோரம்தான் இருக்க வேண்டும் என்று ஸ்கெல்சிப் பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். ஹாலத்துக்காரர்கள் வாயைத் திறக்காமல் இடம் கொடுத்து நிலையத்தை வாங்கிக்கொண்டார்கள். அந்த ரயிலும் நின்று, தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்து, அந்த இடத்தில் முள்செடி மண்டிவிட்டது. கோபம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹாலத்துக்காரன் பூட்ஸோடு படுத்துத் தூங்குவான் என்று ஸ்கெல்சியில் பச்சைக் குழந்தைகூடச் சொல்லும்.

தெல்மா ஹாலத்தில் பிறந்தவள். நெவில் நிலக்கரி வண்டி ஓட்டிக்கொண்டிருந்த நாளில் அங்கே சரக்கு இறக்கப் போய், அவளைப் பார்த்து, கட்டிக்கொண்டு வந்தான். "ஒரு மூட்டை இறக்கிட்டு ஒரு மூட்டை ஏத்திட்டு வந்துட்டான்" என்று 'கப்பலில்' பல வருடம் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அவளுக்கு வேறு வழி என்ன இருந்தது?

தேவாலயத்துக் கல்லறைத் தோட்டம் சரியத் தொடங்கியபோது, இனிச் சாகிறவர்களுக்கு ஹாலத்தில் இடம் தருவதாகப் பிஷப் தரப்பில் சொன்னார்கள். நல்ல மேடு, காய்ந்த மண், எத்தனை பேர் வேண்டுமானாலும் படுக்கலாம். ஊர்க்கூட்டம் கூடியது. அன்றைக்கு எழுந்து நின்று பேசியவன் நெவில்தான்.

"உயிரோட இருக்கும்போது ஹாலத்துக்காரன் பக்கத்துல உக்கார மாட்டோம். செத்தப்புறம் அவன் பக்கத்துல படுக்கணுமா?"

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல். எல்லாக் கையும் மேலே போயிற்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெல்மாவின் கையைத் தவிர. ஓடைக்கு மேற்கே உள்ளதெல்லாம் ஹாலத்து எல்லை. ஸ்கெல்சி எல்லைக்குள் விலைக்குக் கிடைத்தது கடல் பக்கம் ஒரு டர்னிப் கிழங்கு வயல் மட்டுமே. அதையே வாங்கினார்கள். கடல் தின்கிற ஊர், செத்தவர்களைக் காப்பாற்றக் கடலுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தது. ஒரு தலைமுறைக்குத் தாங்கும் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். போதும் என்று ஊரும் சொல்லிவிட்டது.

அந்த வருடமே தெல்மாவுக்கு நுரையீரலில் நோய் வந்து படுத்தபோது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என்னை ஹாலத்துல எங்கம்மா பக்கத்துல போட்டுடு நெவ்."

"சரி" என்றான்.

சரி என்றுதான் சொன்னான். ஆனால் அவள் கண்ணை மூடியதும் ஊரே அவன் முகத்தைப் பார்த்தது. கூட்டத்தில் அப்படிப் பேசியவன் பெண்டாட்டியை எங்கே கொண்டுபோகிறான் பார்ப்போம் என்று காத்திருந்தது. அவன் டர்னிப் வயலில் புதைத்தான். தெல்மாவின் தம்பி எர்னி வேலிக்கு வெளியே நின்று பார்த்தான். மண் தள்ளி முடிந்ததும் காறித் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தான்.

பொறியாளர்களின் தலைமுறை ஏழு வருடத்தில் தீர்ந்தது. வடக்கே பணக்கார ஊர் ஒன்றுக்குப் பாறை கொட்டிக் கரை கட்டினார்கள். அங்கே மோத முடியாத கடல் இங்கே வந்து இரண்டு மடங்காக மோதியது. இந்தக் குளிர்காலத்தில் மட்டும் வயலின் பாதி போய்விட்டது. மார்ச்சில் நெவில் போய் நின்றபோது, தெல்மாவுக்கும் ஓரத்துக்கும் நடுவே ஒரே ஒரு வரிசைக் கல்லறை இருந்தது. மறுநாள் காலை ஓடையைத் தாண்டினான்.

எர்னி பன்றிகளுக்குத் தீவனம் கொட்டிக்கொண்டிருந்தான்.

"யாரு, ஸ்கெல்சி துரையா? பாத்து நடங்க. பூட்ஸ்ல எங்க மண்ணு ஒட்டிக்கப் போகுது."

"எர்னி, தெல்மா விஷயமா வந்தேன்."

"எங்கக்காவைப் பத்திப் பேச உனக்கு ஏழு வருஷம் பிடிச்சுதாக்கும்."

"ஓரம் வந்துடுச்சு. அவளுக்கு முன்னாடி ஒரு வரிசைதான் பாக்கி."

எர்னி வாளியைக் கீழே வைத்தான்.

"அவ என்கிட்ட கேட்டா. நான் சரின்னுதான் சொன்னேன்" என்றான் நெவில்.

"தெரியும். என்கிட்டயும் சொன்னா. 'நெவ் சரின்னுட்டான், நீ அவன்கிட்ட சண்டைக்குப் போகாதே'ன்னா. நானும் நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

பன்றிகள் சப்தம் போட்டுத் தின்றன.

"செய்யுறேன்" என்றான் எர்னி கடைசியில். "உனக்காக இல்ல, அதை மண்டையில ஏத்திக்கோ. அம்மா பக்கத்துல இடம் இருக்கு. குழியை நானே வெட்டுவேன். ஸ்கெல்சிக்காரன் எவனும் மம்பட்டியைத் தொடக் கூடாது."

"தொட மாட்டான்."

"காபி குடிப்பியா, இல்ல அதுவும் ஹாலத்துத் தண்ணியா?"

குடித்தான். பல வருடத்தில் அவன் குடித்த நல்ல காபி அதுதான். திரும்பி வரும்போது, காரியம் நடந்துவிடும் என்றே தோன்றியது.

இரண்டு ஊருக்கும் பாதிரியார் ஒருவரே, ஜூடித் அம்மா. அவர் ஒரு மாதத்துக்கு மேல் பிஷப்பிடம் அலைந்து உத்தரவு வாங்கிவிட்டார். சவ அடக்கக்காரர்களும் வருகிறோம் என்றார்கள். வயல் ஊர்ச் சபைக்குச் சொந்தம் என்பதால் சபையின் சம்மதம் ஒன்றுதான் வேண்டியிருந்தது. அது வெறும் சம்பிரதாயம் என்று ஜூடித் அம்மா நினைத்தார். அவர் தெற்கத்திக்காரர், பாவம்.

சபைத் தலைவர் கார்டன் பிளெங்கின். மேற்குப் பக்கம், சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் கேரவன் பூங்கா வைத்திருக்கிறார், ஆகவே கடலைப் பற்றித் தைரியமாகப் பேசுவார்.

"நெவ், உன் கஷ்டம் புரியுது" என்றார். "ஆனா நேரத்தைப் பாரு. சந்தை நடத்த ராஜா சாசனம் குடுத்து எழுநூறாவது வருஷம். விண்ணேற்றத் திருநாளன்னைக்கு டிவிக்காரங்க வர்றாங்க. ஊரே எல்லையைச் சுத்தி நடந்து போறப்ப அந்த வயல்ல குழி தோண்டிக் கிடந்தா என்ன அர்த்தம்? செத்தவங்களே ஊரைக் காலி பண்றாங்கன்னு போட்டுக் காட்டுவான்."

"காட்டட்டுமே. அதானே நடக்குது."

"அதுவும் ஹாலத்துக்கு! வேற எங்கயாவதுன்னாலும் பரவால்ல. செத்தப்புறம் அவன் பக்கத்துல படுக்கணுமான்னு கேட்டது யாருய்யா, நானா?"

மேசையைச் சுற்றிச் சிரிப்பு. ரொட்டிக்கடை மியூரியல் மட்டும் சிரிக்காமல் நெவிலின் கையைத் தட்டிக்கொடுத்தாள். "விண்ணேற்றம் முடியட்டும் நெவ். மறுநாளே எடுத்துக்கலாம். இத்தனை வருஷம் இருந்தவ, இன்னும் மூணு வாரம் இருக்க மாட்டாளா?"

நெவிலுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் யார்மேல் கத்துவது? அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பான், இன்னும் சாமர்த்தியமாகச் சொல்லியிருப்பான். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

அந்த மூன்று வாரமும் தினம் வயலுக்குப் போனான். ஓரத்தில் புல்லுக்குள் விரிசல் விட்டிருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தான். விண்ணேற்ற நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வடகிழக்குக் காற்று கிளம்பியது. மே மாதத்தில் அப்படி ஒரு காற்றை யாரும் எதிர்பார்க்கவில்லை. கடல் மிக உயரமாக ஏறும் ஓத நாள் வேறு சேர்ந்துகொண்டது. திங்கட்கிழமை விடிந்தபோது முன் வரிசையும் இல்லை, தெல்மாவின் வரிசையும் இல்லை. வேலிக் கம்பி ஓரத்திலிருந்து காற்றில் தொங்கியது.

நெவில் சுற்று வழியாகக் கடற்கரைக்கு இறங்கி ஓடினான். சரிந்த களிமண் குவியலாகக் கிடந்தது. அலை வந்து அதைக் கரைத்துக் கரைத்து எடுத்துக்கொண்டிருந்தது. கடல் காபி நிறத்தில் கலங்கியிருந்தது. இரண்டு கல்லறைக் கற்கள் முகம் குப்புறக் கிடந்தன. அவளுடையது எது என்று தெரியவில்லை. ஒன்றைப் புரட்டிப் பார்க்கக் கைவைத்தான், அசையவில்லை. கடலோரக் காவலர்கள் வந்து, மேலே இன்னும் சரியும் பெரியவரே, வாங்க என்று இழுத்துப் போனார்கள். அவன் அழவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு சின்ன வார்த்தை கொடுத்து அதைக் காப்பாற்றத் துப்பில்லாத மனிதன் என்று அவனுக்கு அவனே அருவருப்பாக இருந்தான்.

விண்ணேற்ற நாளான வியாழக்கிழமை எல்லை நடை நின்றுவிடவில்லை. ஸ்கெல்சியில் அது நிற்காது. எல்லையை வருடம் தவறாமல் சுற்றி வரும்வரை சந்தை நடத்தும் உரிமை உண்டு என்பது ராஜா வாக்கு. சந்தை செத்து நூறு வருடம் ஆனாலும் நடை உண்டு. கையில் வில்லோ மரக் குச்சி, பையில் திராட்சை ரொட்டி. ஒவ்வொரு எல்லைக் கல்லிலும் பிள்ளைகளைத் தலைகீழாகத் தூக்கி மண்டையை லேசாக இடிப்பார்கள், எல்லை மறக்காமல் இருக்க. நெவிலையும் ஒருகாலத்தில் இடித்தார்கள். கிழக்குக் கற்கள் கடலுக்குள் போனதால், அந்தப் பக்கம் ஓரத்தில் நின்று குச்சியைக் காற்றில் வீசிவிட்டுக் கத்துவார்கள்.

நெவில் போக வேண்டாம் என்றுதான் இருந்தான். வீட்டில் உட்கார முடியவில்லை, போனான். டர்னிப் வயலுக்கு வந்ததும் ஊர் கொஞ்சம் தயங்கியது. கார்டன் பிளெங்கின் முகம் வெளுத்திருந்தது. நெவிலைப் பார்க்காமல், கடலைப் பார்த்துக் குச்சியை ஓங்கி வீசினார்.

"இது யார் மண்ணு?"

"ஸ்கெல்சி மண்ணு."

எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அதில் தன் குரலும் இருந்ததை நெவில் கேட்டான். பிள்ளைப் பிராயத்திலிருந்து பழகிய வாய், அவனைக் கேட்காமலே சொல்லிவிட்டது. டிவிக்காரர்கள் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். ஊர் இன்னொரு முறை சொன்னது.

அவன் குச்சியை அங்கேயே போட்டுவிட்டு மேற்கே நடந்தான். ஓடையைத் தாண்டி, மேடேறி, ஹாலத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். எர்னி அங்கே இருந்தான். அம்மாவின் கல்லுக்குப் பக்கத்தில் நல்ல ஆழமாக, ஓரம் சீவி, குழி வெட்டி வைத்திருந்தான். மழை படாமல் இருக்கத் தகரம் போட்டு மூடியிருந்தான். தகரம் இப்போது ஒருபக்கம் கிடந்தது. எர்னி மண்ணை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். நெவில் வந்ததைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

நெவில் கேட்டான். "நானும் தள்ளட்டுமா?"

எர்னி வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலியில் இன்னொரு மம்பட்டி சாய்ந்திருந்தது. நெவில் அதை எடுத்தான். கிழவர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று தள்ளினார்கள். மண் காய்ந்து, உதிரியாக, கையில் ஒட்டாமல் விழுந்தது. இப்படிப்பட்ட மண் ஸ்கெல்சியில் எங்கும் இல்லை.

"நினைச்சேன்" என்றான் எர்னி, மூச்சு வாங்க. "மூடாம விட்டு வெச்சு, நாளைக்கு நீ போனா உன்னை இதுல போடலாமான்னு. மனசு ஒத்துக்கல. இது அவ இடம்."

"வேணாம். நான் ஸ்கெல்சிலதான்."

"அடங்க மாட்டியா நீ? இன்னுமா அந்த வீம்பு? அந்த வயல்ல இன்னும் என்ன மிச்சம் இருக்கு?"

"மூணு வரிசை இருக்கு. நேத்து சபையில போய்க் கேட்டுட்டு வந்தேன். இப்ப ஓரத்துல இருக்குற வரிசையில ஒரு இடம் காலி. அதையே எனக்குக் குடுங்கன்னேன்."

எர்னி மம்பட்டியை ஊன்றிக்கொண்டு அவனைப் பார்த்தான்.

"ஓரத்துலயா? ஒரு குளிர்காலம் தாங்காதே அது."

"தாங்காது" என்றான் நெவில். "அவ போன வழியில போகணும்னா அதுக்குள்ள நான் செத்துடணும். அதான் கவலையா இருக்கு."

குழியில் இன்னும் பாதி மண் போட வேண்டியிருந்தது. இருவரும் குனிந்து தள்ளத் தொடங்கினார்கள்.