பீஸ் வந்தால்தான் லைன் ஓடும்

ஒரு வேலையை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அதுதான் போட்டி. ஜெயித்தால் அடுத்த சுற்றுக்கு வேலூர். ஆம்பூரில் எங்கள் பள்ளி ஒருதரம்கூடத் தேர்வானதில்லை என்பதால் எனக்கே தூக்கம் போய்விட்டது.

புத்தகத்தில் சாண்ட்விச் செய்வது எப்படி என்று போட்டிருந்தது. என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வாயில் கொழுக்கட்டையை அடைத்ததுபோல் நின்றார்கள். எரிச்சலில் புத்தகத்தை மூடினேன்.

"உங்கம்மாங்க ஷூ கம்பெனியில இன்னா பண்றாங்க? அதச் சொல்லுங்க."

சொன்னார்கள், ஆனால் ஒவ்வொருத்தருக்கும் தங்கள் அம்மாவின் வேலை மட்டும்தான் தெரிந்தது. அதனால் கம்பெனி லைன் மாதிரியே வரிசையாக நிற்க வைத்தேன். ஹேமந்த் அம்மா தோலைப் பீஸ் பீஸாக வெட்டுகிறார், அம்பரீன் அம்மா அந்தப் பீஸ்களைத் தைக்கிறார், கௌதம் அம்மா சோல் ஒட்டுகிறார், மேகலா அம்மா பெட்டியில் போடுகிறார். ஃபர்ஸ்ட், நெக்ஸ்ட், தென், ஃபைனலி. அடடா, என்ன வேகம்! மேகலா தன் ஒரே வரியைச் சத்துணவு வரிசையிலும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலூர் போக அவளுக்குத்தான் ஆசை ஜாஸ்தி.

போட்டி நாளில் ஹேமந்த் வெளுத்து வாங்கினான். அடுத்து அம்பரீன். பேச்சே வரவில்லை.

"பரவால்ல, அடுத்தவங்க சொல்லுங்க" என்றார் நடுவர்.

கௌதம் கையைக் கட்டிக்கொண்டான். "பீஸ் வர்ல சார். தைக்காம எப்டி ஒட்றது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் காதைத் திருகியிருப்பேன். நடுவர் பேனாவை மூடினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

மேகலா தன் இடத்தை விட்டு வந்து அம்பரீனை ஒட்டி நின்றாள். "லைன் நின்னா பக்கத்து ஆளு கை குடுப்பாங்கடி. எங்கம்மா சொல்லும்" என்று கிசுகிசுத்து, "நெக்ஸ்ட்..." என்று எடுத்துக் கொடுத்தாள்.

"நெக்ஸ்ட், மை மதர் ஸ்டிட்சஸ் தி பீசஸ்" என்றாள் அம்பரீன். முதலில் முனகல், முடிக்கும்போது நல்ல சத்தம். கௌதம் உடனே பிடித்துக்கொண்டான். மேகலா தன் இடத்துக்கு ஓடினாள்.

"ஃபைனலி, மை மதர் பேக்ஸ் தி ஷூஸ்."

அவ்வளவுதான் நான் சொல்லிக் கொடுத்தது. அவள் நிறுத்தவில்லை.

"தி ஷூஸ் கோ டு ஜெர்மனி. வீ கோ டு வேலூர்."

நடுவர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். "யெஸ், யூ கோ" என்றார்.