இரண்டாவது பெயர்

"மாமா, என் கம்ப்யூட்டர் ஊமையாயிடுச்சு" என்று மச்சான் போனில் சொன்னபோது, லேப் டெக்னீஷியன் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. தினமும் ஊரார் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவருக்குத் தன் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மச்சானுக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஒரு மென்பொருளை நம்பித்தான் அவன் வேலையே ஓடுகிறது. இலவச மென்பொருள், யார் யாரோ சேர்ந்து எழுதுவது. ஆனால் ஒவ்வொரு புதுப் பதிப்பையும் சோதித்து, எல்லார் கணினியிலும் சிக்கலில்லாமல் இறங்கும்படி பேக்கேஜாகக் கட்டித் தருவது இவர். சம்பளம் கிடையாது, துணைக்கும் ஆள் கிடையாது, பல வருஷமாக. கடைசியாக உடம்பு கொதிக்கக் கொதிக்கக் கட்டி அனுப்பியதில் எங்கோ பிசகியிருந்தது.

"இன்னிக்கு லீவு சொல்லிட்டேன் மாமா. நாளைக்கும் சொன்னா மூஞ்சியக் காட்டுவாங்க."

மனைவி லேப்டாப்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அந்த ஆமை கேட்டுக்கிட்டே இருக்கார்னு சொன்னீங்கல்ல. அவர்கிட்ட குடுத்தா என்ன?"

ஆமை என்பது முகம் தெரியாத ஒரு தன்னார்வலர் இணையத்தில் வைத்துக்கொண்ட பெயர். பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளலாமா என்று அவர் கேட்கும்போதெல்லாம் இவர் நழுவிவிடுவார்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க."

"இப்ப மட்டும் ரொம்ப உருப்பட்டுக் கிடக்கு."

அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். பேக்கேஜைத் திருத்தும் உரிமை ஆமைக்கும் போய்ச் சேர்ந்தது.

மதியமே சரியாகிவிட்டது. அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஆமை பிசகை மட்டும் சரிசெய்திருப்பார் என்று நினைத்தார். தான் ஆண்டாண்டாக ஒட்டுப்போட்டு வந்த பகுதி முழுவதும் சிவப்பில் அடித்து நீக்கப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாகப் பச்சையில் கொஞ்சம் வரிகள். குற்றம் கண்டுபிடித்தே தீருவதென்று மேலும் கீழும் படித்தார். கிடைக்கவில்லை. பராமரிப்பாளர்கள் என்ற இடத்தில் அவர் பெயருக்கு அடியில் இன்னொரு பெயர் உட்கார்ந்திருந்தது.

மச்சான் மறுபடி கூப்பிட்டான். "பேசுது மாமா. முன்னெல்லாம் தொண்டை கட்டின மாதிரி பேசும்ல, அதுவும் போயிடுச்சு. எப்படிப் பண்ணீங்க?"

தன் பெயருக்கு அடியிலிருந்த பெயரை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, "நான் பண்ணலப்பா" என்றார்.

ஆமை கடைசியில் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: 'அடுத்த பதிப்பை நான் கட்டட்டுமா? நீங்கள் ஒருமுறை பார்த்தால் போதும்.'

"என்ன எழுதட்டும்?" என்றாள் மனைவி.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பதில் எழுதும் வெற்றுக் கட்டத்துக்குள் கோடு விட்டுவிட்டு மின்னியது. அவள் பத்து விரல்களையும் எழுத்துகளின் மேல் அழுத்தாமல் வைத்துக் காத்திருந்தாள்.