ஒன்பதாவது டோக்கன்

கழுத்துப் பிடிப்பு என்றால் சாதாரணப் பிடிப்பு இல்லை. இடது பக்கம் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டது. வலது பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால், பூதக்கண்ணாடி உடம்பையே மொத்தமாகத் திருப்பி, துருப்பிடித்த கதவு திறப்பதுபோலத் திரும்பிப் பார்த்தான்.

பூதக்கண்ணாடி என்பது அவனுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர். மரியாதையாகத்தான் வைத்தார்கள் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

அவனுடைய கம்பெனி டோக்கன் போர்டு செய்து விற்கிறது. காத்திருக்கும் கூடத்தில் ‘அடுத்தது பதினேழு’ என்று சிவப்பாக ஒளிருமே, அந்தப் போர்டும் அதை ஓட்டும் மென்பொருளும். இதே வேலையைச் செய்ய ‘வரிசை’ என்று ஒரு கட்டற்ற மென்பொருளும் இருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே இராத ஆட்கள் எங்கெங்கோ உட்கார்ந்து சேர்ந்து எழுதியது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். காசு கிடையாது. சின்ன ஆஸ்பத்திரி, தபால் நிலையம், முடிதிருத்தும் கடை என்று போன இடமெல்லாம் அதுதான் ஓடியது. கம்பெனிக்கு வயிறு எரிந்தது. ‘எங்கள் மென்பொருளைப் பார்த்துத்தான் வரிசையை எழுதியிருக்கிறார்கள்’ என்று வழக்குப் போட்டது.

போட்ட பிறகுதான் ஆதாரம் தேட ஆள் வைத்தது. அந்த ஆள் இவன்.

இடது திரையில் கம்பெனியின் நிரல், வலது திரையில் வரிசையின் நிரல். காலையிலிருந்து சாயங்காலம் வரை இங்கே ஒரு பார்வை, அங்கே ஒரு பார்வை. வெறுமனே பார்த்தால் இரண்டும் வேறு வேறாகத் தெரியும். அதனால் முதலில் ‘உரிப்பது’ என்று ஒரு வேலை உண்டு. எழுதியவர் பெயர், எழுதிய தேதி, ஓரத்தில் எழுதிவைத்த குறிப்புகள், இதையெல்லாம் இரண்டு பக்கமும் உரித்துப் போட்டுவிட்டு எலும்பை மட்டும் எலும்போடு வைத்துப் பார்ப்பது. உரித்த கோழிகளில் எது யார் வீட்டுக் கோழி என்று அடையாளம் தெரியாதே என்று அவனுக்கு ஒரு நாள் தோன்றியது. அப்போது டீ வந்துவிட்டதால் அதைத் தொடர்ந்து யோசிக்கவில்லை.

தேடியதில் ஒரு வைரம் கிடைத்தது. வைரம் என்று சொன்னது மேலாளர். இரண்டு மென்பொருளும் எட்டாம் எண்ணைக் கூப்பிட்ட பிறகு பத்தாம் எண்ணுக்குத் தாவின. பதினேழுக்குப் பிறகு பத்தொன்பது. ஒவ்வொரு ஒன்பதாவது எண்ணையும் காலியாக விட்டுவிட்டுப் போயின.

“நம்ம மென்பொருள் ஏன் அப்படிப் பண்ணுது?” என்று அவன் கேட்டான்.

“ஏன்னு யாருக்கும் தெரியலை. எழுதினவங்க எல்லாம் வேலையை விட்டுப் போயாச்சு. அதனாலதான் சொல்றேன், இது வைரம். காரணமே இல்லாத ஒண்ணு ரெண்டு இடத்துல எப்படி வரும்? ஒருத்தன் மத்தவனைப் பார்த்தாத்தான் வரும்.” மேலாளர் அவன் முதுகில் தட்டினார். கழுத்தில் முதல் வலி அப்போதுதான் வந்தது என்று பிற்பாடு அவனுக்குத் தோன்றியது.

போன வாரம் மேலாளர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு ஆதாரத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். பாதி வரிகளுக்கு மேல் கறுப்புப் பட்டை.

“கறுப்புக்குக் கீழே என்ன சார் இருக்கு?”

“எங்க தொழில் ரகசியம்.”

“ரகசியம்னா அவங்க எப்படிப் பார்த்தாங்க?”

மேலாளர் தண்ணீர் குடித்தார். அந்தத் தண்ணீர் குடிக்கும் காட்சியைத்தான் ஊரே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துச் சிரித்தது. சிரித்தால் என்ன, மறுநாளே வரிசை ஓடும் இடங்களுக்கெல்லாம் வக்கீல் நோட்டீஸ் போனது: உடனே நிறுத்து, அல்லது கட்டணம் கட்டு. சிரிக்கிறவர்களுக்கு நோட்டீஸ் வரவில்லை. நோட்டீஸ் வந்தவர்கள் சிரிக்காமல் நிறுத்தினார்கள்.

இன்று மத்தியானம் வக்கீலம்மா முன்னால் அவன் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கழுத்தோடு போனால் வக்கீலம்மாவை விட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சத்தியம் செய்ய வேண்டியிருக்கும். அதனால் காலையில் அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

அக்கா அங்கே மூத்த நர்ஸ். இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு டாக்டர். கூடத்துச் சுவரில் டோக்கன் போர்டு இருந்த இடத்தில் தலையணை உறை ஒன்று தொங்கியது. போர்டு அதற்குள்ளேதான் இருந்தது, முகம் மூடிக்கொண்டு. அதன் கீழே வரிசை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை, முழங்கைகள்தான் இருந்தன.

“நான் இவருக்கு முன்னாடியே வந்தாச்சு.”

“வந்தீங்க, டீ குடிக்கப் போனீங்க. போனா இடம் போச்சு.”

பூதக்கண்ணாடி கடைசியில் போய் நின்றான். முன்னால் விரலில் ஊசி ஏறிய தையல்காரர், அவருக்கு முன்னால் இருமல்காரர் ஒருவர்.

“கேட்டியா,” என்று தையல்காரர் கட்டுப் போட்ட விரலால் போர்டைக் காட்டினார். “ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் நிக்கிறதை அந்தக் கம்பெனிக்காரன்தான் கண்டுபிடிச்சானாம். அடுத்தது எறும்புக்கு நோட்டீஸ் போகும்.”

“ஆதாரம் இருக்காமே?” என்றார் இருமல்காரர்.

“இருக்காம். கறுப்புத் துணி போட்டு மூடி வெச்சிருக்கானாம். கல்யாணம் ஆனப்புறம்தான் பொண்ணைக் காட்டுவேன்கிற மாதிரி.” தையல்காரர் இவன் பக்கம் திரும்பினார். “தம்பி எங்க வேலை?”

“கம்ப்யூட்டர்ல.”

“அப்ப உனக்குத் தெரியுமே. அவன் சொல்றது நிஜமா?”

இப்படிப்பட்ட கேள்விகளுக்கென்றே அவனிடம் ஒரு தலையாட்டல் உண்டு. ஆமாம் என்பவருக்கு ஆமாம், இல்லை என்பவருக்கு இல்லை என்று தெரியும் ஒரு சாய்வான ஆட்டல். பள்ளிக்கூடத்திலிருந்து அதை வைத்துத்தான் காலம் தள்ளியிருந்தான். பழக்கதோஷத்தில் ஆட்டப் போய், “ஐயோ” என்றான்.

“பாருங்க,” என்றார் தையல்காரர், “கேட்டாலே அவருக்கு வலிக்குது.”

அப்போது கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து கடைசியில் நின்றாள். குழந்தை அழவில்லை; அழுவதற்கும் தெம்பில்லாமல் தோளில் கிடந்தது. அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“அந்தப் பிள்ளையை முதல்ல உள்ள விடுங்க.”

“அப்ப நாங்க என்ன வேடிக்கை பார்க்கவா வந்திருக்கோம்?” என்று முன்னாலிருந்து ஒரு குரல். “எங்களுக்கும் காய்ச்சல்தான்.”

“போன வாரம் வரைக்கும் நீங்க யாரும் இப்படிப் பேசினதில்லை,” என்றாள் அக்கா. சண்டை போட்டுத்தான் அந்தப் பெண்ணை உள்ளே கொண்டுபோனாள். போகிற போக்கில் தம்பியின் தோளைப் பார்த்துவிட்டு, “உனக்கென்ன, சுவத்துல கண்ணு மாட்டிக்கிச்சா?” என்றாள்.

அவன் முறை வர வெகுநேரமாயிற்று. ஊசி போடும் அறையில் உட்காரவைத்து, அக்கா கழுத்தில் களிம்பைத் தேய்த்தாள். கோபத்தை யார்மேலாவது காட்டவேண்டிய நேரத்தில் கழுத்து கையில் கிடைத்திருந்தது.

“உங்க கம்பெனி நாசமாப் போக.”

“அக்கா, சம்பளம் அங்கதான் வருது.”

“சரி, வந்தப்புறம் போகட்டும்.”

அவன் அங்கே வேலை பார்ப்பது அவளுக்குத் தெரியும். என்ன வேலை என்று தெரியாது. ‘கம்ப்யூட்டரை உத்துப் பார்க்கிற வேலை’ என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். அது பொய்யும் இல்லை.

“போன வாரம் வரைக்கும் பேசினதில்லைன்னியே, ஏன்?” என்று கேட்டான்.

“ஒன்பதாவது நம்பர் இருந்துச்சுல்ல. எட்டு முடிஞ்சதும் ஒரு காலி இடம். மயக்கம் போட்டவங்க, தூக்கிட்டு வந்த குழந்தை, யாரா இருந்தாலும் அதுல விடுவேன். யாரோட நம்பரையும் தள்ள வேண்டாம், யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க.”

களிம்பின் காரம் அப்போதுதான் உறைத்ததுபோல அவன் நிமிர்ந்தான். “அதுக்கா அது? அதை யார் அப்படி வெச்சாங்க?”

அக்காவின் கை நின்றது. “என்னடா, நீதானே எழுதி அனுப்பின?”

“நானா?”

“வேலை இல்லாம எங்க வீட்டுல ஒரு வருஷம் உக்காந்து தின்னியே, அப்ப. நான் வந்து புலம்பினேன், இப்படி வரிசையில அடிச்சுக்கிறாங்கன்னு. நீ சாப்பிட்டுக்கிட்டே, ‘அந்த வரிசை ஆளுங்ககிட்ட சொன்னா கேப்பாங்க’ன்னு இடது கையால டைப் அடிச்ச. ஏன் ஒன்பதுன்னுகூட நீதான் கேட்ட. அந்தப் பெஞ்சுல எட்டு பேர்தான் உட்கார முடியும், ஒன்பதாவது ஆள்தான் நிப்பான்னு சொன்னேன். நல்ல யோசனைன்னு பதில் போட்டு, ரெண்டு வாரத்துல வெச்சுக் குடுத்தாங்களே. மறந்துட்டியா?”

மறந்துதான் போயிருந்தான். வேலை கிடைத்த நாளிலிருந்து, வேலை கிடைக்காத அந்த வருஷத்தை மொத்தமாக மறந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான்; மொத்தத்தில் அதுவும் போய்விட்டது. உடம்பைத் திருப்பிக் கூடத்தைப் பார்த்தான். சாயம் போன நீளப் பெஞ்சு. எட்டு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஒருவர் காலை மாற்றி மாற்றி ஊன்றி நின்றுகொண்டிருந்தார். கம்பெனியின் ஒப்பற்ற சொந்தக் கண்டுபிடிப்பு அங்கே பெஞ்சாக, ஒரு கால் ஆடிக்கொண்டு கிடந்தது.

அவன் கம்பெனியில் சேர்வதற்கு முன்னால், யாரோ வரிசையை அப்படியே எடுத்துக் கம்பெனி மென்பொருளில் ஒட்டியிருக்கிறார்கள். எதற்கென்று தெரியாத காலி இடத்தையும் சேர்த்து. அதைத்தான் அவன் உரித்து, வைரம் என்று எடுத்துக் கொடுத்திருக்கிறான். தேதியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தேதியைத்தான் முதலில் உரித்தான்.

அக்காவிடம் சொல்ல வாயைத் திறந்தான். “தலையைத் தொங்கப் போடு,” என்றாள். போட்டான். சொல்லாமலே கிளம்பினான்.

வக்கீலம்மாவின் அறையில் மேலாளர் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கி வாசித்தார்: “‘ஒன்பதாவது எண்ணைத் தவிர்க்கும் முறை எமது நிறுவனத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு என்பதை ஆராய்ந்து அறிந்தேன் என்று உளமாரக் கூறுகிறேன்.’ சரிதானே?”

ஒரு சாய்வான ஆட்டல் போதும். பேனா கைக்கு வந்துவிடும், மேலாளர் முதுகில் தட்டுவார், மாதக் கடைசியில் எல்லாம் பழையபடி நடக்கும். அவன் ஆட்டத்தான் பார்த்தான். கழுத்து மேலேயும் போகவில்லை, குறுக்கேயும் போகவில்லை. இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, இப்படிப்பட்ட ஒரு கேள்விக்கு வாயால் பதில் சொல்லவேண்டிய நிலை அவனுக்கு வந்தது.

“இல்லைங்க,” என்றான்.

“என்ன இல்லை?”

“அது எங்க அக்கா ஆஸ்பத்திரிப் பெஞ்சுங்க.”

“பெஞ்சா?” என்றார் மேலாளர்.

சொன்னான். சுவரைப் பார்த்தபடி, குற்றவாளி சொல்வதுபோலவே சொன்னான். எட்டு பேர், நிற்கிற ஒன்பதாவது ஆள், இடது கையால் டைப் அடித்தது எல்லாம்.

வக்கீலம்மா பேனாவை மூடினார். “இது வேற யாருக்குத் தெரியும்?”

“அவங்க பேசிக்கிறது எல்லாமே வெளியிலதாங்க கிடக்கும். யார் தேடினாலும் கிடைக்கும். என் பேர்லயே இருக்கும்.”

“அப்ப யாரைப் பார்த்து யார் எழுதினது?” என்று வக்கீலம்மா மேலாளரைக் கேட்டார்.

மேலாளர் ஜன்னலைப் பார்த்தார். அவர் கழுத்துக்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் திரும்பவில்லை. “இதையெல்லாம் நீ முதல்லயே பார்த்திருக்க வேண்டாமா?” என்றார் இவனிடம். அது ஒன்றுதான் அன்று அவர் சொன்னதில் நியாயமானது. “வீட்டுக்குப் போ. கழுத்தைக் கவனி. கூப்பிடுறோம்.”

கூப்பிடமாட்டார்கள் என்று தெரிந்தது. நோட்டீஸ்களைத் திரும்பப் பெறுவார்களா என்று கேட்க நினைத்தான். கதவு அதற்குள் வலது பக்கமாகச் சாத்திக்கொண்டது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தலையணை உறை அப்படியே தொங்கியது. அக்கா ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அந்த நோட்டீஸுக்கு ஆதாரம் தேடிக் குடுத்தது நான்தான்.”

அவள் கட்டை முடித்து, கத்தரித்து, அந்த ஆளை அனுப்பிவிட்டுத்தான் பேசினாள். “எத்தனை நாளா?”

“ஒரு மாசமா.”

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து சாப்பிட்டுட்டுப் போனியே, அப்பவுமா?”

கையெழுத்துப் போடாமல் வந்ததைச் சொல்லலாம் என்று வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தான். இப்போது அதைச் சொன்னால் மிட்டாய் கேட்பதுபோல இருக்கும் என்று விட்டுவிட்டான். அக்கா மருந்து அட்டைப்பெட்டிகளையும் கத்தரிக்கோலையும் அவன் கையில் திணித்தாள்.

“வாய் இருக்குல்ல? வெட்டி நம்பர் எழுதிக் குடுத்துட்டு, வாசல்ல நின்னு கூப்பிடு. அதுக்கு நோட்டீஸ் வரலை.”

கதவோரம் நின்று கூப்பிட்டான். ஒன்று, இரண்டு, மூன்று. குரல் முதலில் உள்ளேயே சிக்கியது. அக்கா உள்ளிருந்து, “பின்னால கேக்கலை” என்றாள். எட்டு முடிந்தது. “பத்து.” பத்தாம் அட்டைக்காரர் உள்ளே போனார்.

“எட்டுக்கு அப்புறம் பத்தா?” காலையில் பார்த்த இருமல்காரர், ஊசிக்காக மறுபடி வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். “கம்ப்யூட்டர்ல வேலைன்னு வேற சொன்னே.”

“ஒன்பது காலிங்க. நிக்க முடியாதவங்களுக்கு.”

“ஓ, போர்டுல வருமே, அது.” இருமி முடித்தார். “நல்ல பையன்பா நீ. அந்தக் கம்பெனிக்காரன் இங்க வந்து நிக்கணும். நின்னு பார்த்தாத்தான் தெரியும் அவனுக்கு.”

“நின்னுட்டுதாங்க இருக்கான்.”

இருமல்காரர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். அவர் கழுத்து நன்றாகத் திரும்பியது. “எங்க?”

“நான்தாங்க. ஆதாரம் தேடிக் குடுத்தது.”

பெஞ்சில் இருந்த எட்டுப் பேரும் அவனைப் பார்த்தார்கள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. இருமல்காரர் கையிலிருந்த அட்டைத் துண்டைத் திருப்பி, அவன் எழுதிய எண்ணைக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்தார்.

“சரி,” என்றார், “பதினொண்ணைக் கூப்பிடு.”