மாப்பிள்ளையின் அரைஞாண்கொடியில் எரிந்த விளக்கு

ஒரு மாப்பிள்ளையின் இடுப்பிலிருந்து வெள்ளி அரைஞாண்கொடியை அவிழ்த்து, அதைக் கொண்டு ஒரு பிளஷர் காரின் இரண்டு கண்களையும் திறந்து வைத்தவன் நான். அந்த வெளிச்சத்தைப் பார்த்து, பொழுது விடிந்துவிட்டதென்று உத்திரமேரூர் ஏரித் தாமரைகள் அத்தனையும் மலர்ந்தன. திருமுக்கூடலில் மூன்று ஆறுகளும் ஓட்டத்தை நிறுத்தி இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தன. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அன்றைக்கு நம்பாதவர் ஒரே ஒருவர்தான். அவரும் காரின் சொந்தக்காரராகப் போய்விட்டார்.

எழுபத்தேழாம் வருஷம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ரேடியோ செட், மைக், சீரியல் பல்பு வாடகைக் கடை. இன்று கடையை மகனிடம் கொடுத்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் கிடக்கிறேன். அன்று நான் தொட்டால் முருங்கைக்காய்கூட எரியும்.

சாலவாக்கத்தில் நெல்லு மிஷின் வைத்திருந்த ஏகாம்பரத்திடம் அந்தக் கார் இருந்தது. யானைக்குட்டி நிறம். முன்னால் தவளைக் கண் மாதிரி துருத்திக்கொண்டு இரண்டு விளக்குகள். வெள்ளைக்கார கலெக்டர் ஒருவர் அதில் உட்கார்ந்து தும்மியிருக்கிறார் என்பது ஏகாம்பரத்தின் வாக்கு. மனிதர் அதை ஓட்டியதைவிடத் துடைத்தது அதிகம். பொழுது சாய்ந்தால் வெளியே எடுக்கவே மாட்டார். "அதுக்கும் தூக்கம் வராதா?" என்பார்.

ஆயுத பூஜைக்கு ஊரெல்லாம் வண்டியின் நெற்றியில் சந்தனம் வைக்கும். ஏகாம்பரத்துக்கு அது போதாது. பானெட்டைத் திறந்து, கைக்கு எட்டிய போல்ட்டையெல்லாம் கழற்றி, குத்துவிளக்கைத் தேய்ப்பது போலப் புளி போட்டுத் தேய்ப்பார். ஒவ்வொன்றின் தலையிலும் அடியிலும் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, மிஷின் ஸ்பேனரால் மறுபடி முறுக்குவார். "மேல மட்டும் பொட்டு வெச்சா சாமி மேலயே நின்னுடும்டா. உள்ள எறங்க வேணாம்?"

அந்த வருஷம் பூஜை முடிந்து ஐப்பசியில் என் கூட்டாளி வேதகிரிக்குக் கல்யாணம். பெண் மானாம்பதி, பெயர் ஞானசுந்தரி. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலமே பெண்ணை மாப்பிள்ளை ஊருக்கு அழைத்து வருவார்கள். எல்லையில் நிறுத்தி ஆரத்தி எடுத்தால்தான் அவள் ஊருக்குள் கால் வைக்கலாம். ஏகாம்பரம் பெரிய மனது பண்ணி, அந்த ஒரு சாயங்காலத்துக்குக் காரின் தூக்கத்தைக் கெடுக்கச் சம்மதித்தார். அவரே ஓட்டியும் வந்தார்.

நாங்கள் ஏரிக்கரையில் காத்திருந்தோம். மழை விட்ட சாயங்காலம். தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே கோடு எங்கே என்று தெரியவில்லை. கொக்குகள் எதில் பறக்கின்றன என்றும் தெரியவில்லை. பெட்ரோமாக்ஸ் விளக்குகளைச் சுற்றி ஈசல் பொன்தூளாய்ச் சுழன்றது. கரை மேல் அந்தக் கார் சாமந்தி மாலையோடு மிதந்து வந்தபோது, சக்கரம் தரையில் படவில்லை என்று நான் சத்தியம் பண்ணுவேன்.

"லைட்டப் போடுங்க நைனா!" என்று கூட்டம் கூவியது.

போட்டார். இரண்டு கண்ணிலும் பீடி நுனி அளவுக்குச் சிவப்பு. ஹாரனை அழுத்தினார். அது பசித்த கன்றுக்குட்டி போல முனகியது. இருந்த சிவப்பும் போய்விட்டது. யாரும் கேட்காமலே பின்னால் இருந்த விளக்கு மட்டும் மினுங்கியது.

ஆரத்தித் தட்டோடு நின்றவள் தாயாரம்மாள், வேதகிரியின் அத்தை. தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்தவள். தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"கண்ணு அவிஞ்ச வண்டியில வர்ற பொண்ணுக்கு நான் ஆலாத்தி சுத்த மாட்டேன். வெளக்கு எரியட்டும், அப்பால பாக்கலாம்."

பெண்ணின் அப்பா காரை விட்டு இறங்கினார். "அப்போ வண்டியத் திருப்புங்க. எம் பொண்ணை நடு ரோட்ல நிக்க வெச்சி சகுனம் பாக்குற வூடு எங்களுக்கு வேணாம்."

மாப்பிள்ளை அங்கே வரக்கூடாதுதான். ஆனால் மனசு கேட்காமல் வந்து ஒரு பனைமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"டேய் முத்து, இன்னாவாது பண்ணுடா. அவ திரும்பிப் போனா நான் இந்த ஏரியிலயே வுயுந்துடுவேன்."

"இந்தப் பக்கம் முட்டி அளவுதான்டா தண்ணி கீது."

"அப்போ படுத்துக்கினு சாவறேன்!"

என் ஒயர், டெஸ்டர் எல்லாம் கல்யாண வீட்டு மொட்டை மாடியில். ஆள் போய் வருவதற்குள் சம்பந்திகள் ஒருவர் தலைமுறையை ஒருவர் இழுத்துவிடுவார்கள். இருக்கிறது கண்ணும் காதும். போதும் எனக்கு.

"நைனா, ஒரு தபா நிறுத்திட்டு ஸ்டார்ட் பண்ணுங்க."

முதல் சுற்றிலேயே என்ஜின் உறுமியது. பாட்டரி கல் மாதிரி இருக்கிறது. பல்பு போயிருந்தால் ஒன்று போகும். இரண்டும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் போகாது. மேலும் ஹாரனைத் தொட்டால் விளக்கு அழுகிறது. ஆக, கரண்டு உள்ளே ஒழுங்காகத்தான் போகிறது. திரும்பி வரும் வாசல்தான் அடைத்திருக்கிறது. வழி தெரியாத விருந்தாளி மாதிரி அது பின்விளக்கு வீட்டுக் கதவையெல்லாம் தட்டிக்கொண்டு திரிகிறது.

பானெட்டைத் தூக்கினேன். கர்ப்பக்கிரகம் திறந்தது போலச் சந்தன வாசனை குப்பென்று வந்தது. ஒருவன் பெட்ரோமாக்ஸைக் காட்டினான். இரண்டு விளக்கிலிருந்தும் ஹாரனிலிருந்தும் வந்த கறுப்பு ஒயர்கள் இடது மட்கார்டுக்குள் ஒரே போல்ட்டில் வந்து சேர்ந்தன. காரின் உடம்போடு கரண்டு கை கோக்கும் இடம் அதுதான். அதன் அடியில் சந்தனம் சுண்ணாம்புக் காரையாகக் காய்ந்து உட்கார்ந்திருந்தது.

"நைனா, உங்க சாமி கரண்டு போற வாசல்ல குந்திக்கினு கீறாரு."

ஏகாம்பரத்துக்கு முகம் சிவந்தது. "சந்தனம் கரண்டை நிறுத்துமா? பூஜை போட்ட சந்தனம்டா! சொரண்டுன கைய ஒடச்சிடுவேன்."

சுரண்ட வழியும் இல்லை. அந்த முறுக்குக்கு மிஷின் ஸ்பேனர் வேண்டும்; அது சாலவாக்கத்தில். நான் என் கடைச் சாவிக்கொத்தை எடுத்து, ஒரு முனையைப் போல்ட்டின் மேலிருந்த ஒயர் வளையத்திலும் மறு முனையைப் பெயிண்ட் உதிர்ந்த இரும்பிலும் வைத்து அழுத்தினேன். கார் ஒரு தரம் கண்ணை விழித்து மூடியது.

சந்தேகம் தீர்ந்தது. ஆனால் வண்டி அசைந்தால் சாவி விழுந்துவிடும். ஒயர் வளையத்தில் சுற்றி, பாட்டரியின் எர்த்து முனை வரைக்கும் இழுத்துக் கட்ட நீளமாக ஒன்று வேண்டும்.

"யாராவது ஒரு சங்கிலி குடுங்க" என்றேன்.

அத்தனை பெண்களின் கையும் அவரவர் கழுத்துக்குப் போனது. என் இடுப்பில் கிடந்ததோ வெறும் கறுப்புக் கயிறு. அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேதகிரியோடு கிணற்றில் குளிக்கும்போதெல்லாம் என் கண் கூசியிருக்கிறது! அத்தை செய்து போட்ட வெள்ளிக்கொடி, சுண்டுவிரல் பருமன். வெள்ளியைப் போலக் கரண்டுக்கு ராஜபாட்டை உலகத்தில் வேறு கிடையாது.

காரின் மறைவுக்கு அவனைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"அரணாக்கொடியா? டேய், கட்டையில வெக்கும்போதுதான்டா இத அவுப்பாங்க! அத்தைக்குத் தெரிஞ்சா என்னை உண்மையிலயே வெச்சிடும்."

"இடுப்பு வெறுமையா இருக்கக் கூடாது, அவ்ளோதான?" கார் மாலையிலிருந்து வாழைநாரை உருவி முதலில் அவன் இடுப்பில் கட்டினேன். "இப்ப அவுரு."

காருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஞானசுந்தரி. "ரேடியோக்கார அண்ணே, சீக்கிரம் பண்ணுங்கண்ணே. காலு மரத்துப் போச்சி. எங்கப்பாரு சொல்றத கேக்காதீங்க, நான் திரும்பிப் போறதா இல்ல."

வேதகிரி அதைக் கேட்டான். கொடி என் கைக்கு வந்தது.

முன்பக்கம் தாயாரம்மாள், திருஷ்டி கழியட்டும் என்று கற்பூரம் ஏற்றிய பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தாள். நான் பாட்டரி முனையில் கடைசிச் சுற்றைச் சுற்றினேன். அவள் போட்டு உடைத்தாள். இரண்டும் ஒரே நொடி.

வெளிச்சம் என்றால் வெளிச்சம்! ஏரி முழுக்கப் பால் ஊற்றியது போல ஆனது. தண்ணீருக்குள் இன்னொரு கார் தலைகீழாக நின்று எங்களைப் பார்த்தது. மீன்கள் கொட்டாவி விட்டன. மூடியிருந்த தாமரை ஒன்று மெள்ள இதழ் பிரித்தது, பிறகு பக்கத்தில் ஒன்று, பிறகு ஏரியெல்லாம். ஈசல்கூடச் சத்தமில்லாமல் பறந்தது. அந்த வெளிச்சத்தின் நடுவே, கார் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பெண்ணின் கையில் வளையல்கள் மட்டும் லேசாகக் கிணுகிணுத்தன.

தாயாரம்மாள் தட்டை எடுத்தாள். ஆரத்தி சுற்றினாள். பெண்ணின் அப்பா தலையைக் குனிந்துகொண்டு காரில் ஏறினார்.

பானெட்டை அரைக் கண்ணாய்த் திறந்து வைத்து, நான் மட்கார்டின் மேல் படுத்து, ஈரத்துண்டால் கொடியை அழுத்திப் பிடித்தபடியே ஊர்வலம் வந்தேன். கொடி கொதித்தது, தோசை வார்த்திருக்கலாம். முன்னால் வேதகிரி இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தான். என்ன கூச்சம் பிள்ளைக்கு என்று ஊர் மெச்சியது.

மறுநாளே ஏகாம்பரம் டீக்கடையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பூசணிக்கா ஒடஞ்சிது, திருஷ்டி போச்சி, லைட்டு வந்துச்சி. அரணாக்கொடியாம், கரண்டாம்! மைக்குக்காரன் வாயில இன்னாதான் பொறக்காது?" சாட்சி சொல்ல வேண்டிய வேதகிரி அத்தைக்குப் பயந்து வாயே திறக்கவில்லை. வருஷம் பூராவும் எனக்கு ஒரே பேஜார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மிஷினில் மைக் கட்டப் போனேன். கார் பானெட் திறந்து நின்றது. போல்ட்டு போல்ட்டாக மஞ்சளும் சிவப்பும். இடது மட்கார்டுக்குள் ஒன்று மட்டும் புளி போட்ட பளபளப்போடு, பொட்டில்லாமல் இருந்தது. என்னைப் பார்த்ததும் ஏகாம்பரம் அதன் மேல் துண்டைப் போட்டார்.

"இன்னா நைனா, இவரு மட்டும் தீட்டா?"

"மெதுவா பேசுடா." அக்கம்பக்கம் பார்த்தார். "கல்யாணம் முடிஞ்சி அடுத்த நாளே ஒரு பூசணிக்கா ஒடச்சிப் பாத்தேன். எரியல. இன்னொண்ணு ஒடச்சேன். எரியல. ஊட்ல ஒரு மாசம் பூசணிக்கா கொழம்புதான்."

"அப்புறம்?"

அவர் சட்டையைக் கொஞ்சம் தூக்கினார். இடுப்பில் அவருடைய சொந்த வெள்ளிக்கொடி. அதில் ஒரு கண்ணி மட்டும் தீய்ந்து கறுத்திருந்தது.

"நடந்துச்சிடா" என்றார் ஏகாம்பரம். "நீ சொன்னது அத்தினியும் நடந்துச்சி. தாமரைய மட்டும் நான் அன்னிக்கி சரியா கவனிக்கல."