வோமெர்சிக் காட்டின் விறகுப் பங்கு

வோமெர்சி என்ற பிரெஞ்சுக் கிராமத்தின் பொதுக்காட்டில் மரங்கள் சுடும். முதல் உலகப் போரில் அடிமரங்களில் புதைந்த துப்பாக்கிக் குண்டுகள், ரம்பம் பட்டதும் நின்ற இடத்திலிருந்து பழைய திசையிலேயே கிளம்பிவிடும். இதுவரை ஒரு பாதிரியாரின் காதும் இரண்டு குதிரைகளும் ஏழெட்டு உயிர்களும் போயிருக்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் மேயர் தொப்பிக்குள் சீட்டுப் போட்டு வீட்டுக்கொரு விறகுப் பங்கு ஒதுக்குவார். தன் பங்கைத் தன் வீட்டாரே வெட்ட வேண்டும். விற்கவோ கொடுக்கவோ கூடாது. ஜெர்மானியர் கிழக்கிலிருந்து சுட்டவர்கள் என்பதால், மரத்துக்குக் கிழக்கே நின்று வெட்டினால் பயமில்லை என்பது ஊர் நம்பிக்கை.

ஒரு வருடம் தன் பங்கை வெட்டப் போன ஃபிர்மேனும் கிழக்கேதான் நின்றான். ஆனால் அந்த பீச் மரத்தில் இருந்தது பிரெஞ்சுக் குண்டு. போரை விட்டு ஓடிய படைவீரன் ஒருவனைப் பிரெஞ்சுப் படையே அந்த மரத்தடியில் நிறுத்தி மேற்கிலிருந்து சுட்ட கதையை, ஊர் பேசாமலிருந்து பேசாமலிருந்து மறந்தே போயிருந்தது. குண்டு ஃபிர்மேனின் நெஞ்சைத் துளைத்து முதுகு வழியே போனது.

பாதி அறுபட்ட மரத்தை ஒருவரும் நெருங்கவில்லை. அவன் மனைவி ஒதீல் நாற்காலிகளையும் எரித்து முடித்த ஜனவரிக் காலையில், கோடரியை எடுத்துக்கொண்டு தானே காட்டுக்குப் போனாள். அங்கே பக்கத்து வீட்டு லெயோன்ஸ், அதே மரத்தில் இருவர் இழுக்கும் ரம்பத்தை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்தான். காட்டுப்பன்றி யார் சுட்டதில் விழுந்தது என்ற தகராறில், ஃபிர்மேனின் வேட்டைநாயைக் கொன்றவன் அவன். பதிலுக்கு ஃபிர்மேன் துப்பாக்கிக் கட்டையால் அவன் தாடையை உடைத்திருந்தான். அதன் பிறகு இரு வீட்டுக்கும் பேச்சில்லை.

“இது எங்க பங்கு. எங்க நாயைக் கொன்ன கை இதுல படக்கூடாது.”

“கொன்னேன்தான். அதுக்காக நீ குளிர்ல விறைச்சுச் சாகணுமா?”

“உங்க மேல குண்டு பாஞ்சா?”

“தாடைய உன் வீட்டுக்காரன் எடுத்துக்கிட்டான். மிச்சத்தை மரம் எடுத்துக்கட்டும்.”

அடுத்த இழுப்பில் குண்டு வந்து அவன் தோளைப் பிய்த்தது. பனியெல்லாம் ரத்தம். ஒதீல் தன் கழுத்துத் துணியை அவிழ்த்துத் தோளை இறுகக் கட்டினாள். அவன் மறுகையால் பிடியைத் தேடுவதைப் பார்த்து, கோடரியைப் போட்டுவிட்டு எதிர்ப்பிடியைப் பற்றினாள். இருவரும் இழுத்தார்கள். இன்னொரு குண்டு வெளியே வந்தது. பொன்வண்டைப் போல மெல்லப் பறந்து அவள் முகத்தருகே வந்ததைப் புறங்கையால் தள்ளிவிட்டாள்.

இப்போது வோமெர்சியில் யாரும் தன் பங்கைத் தனியே வெட்டுவதில்லை. பக்கத்து வீட்டார் எதிர்ப்பிடியைப் பற்றிச் சேர்ந்து வெட்டித் தருகிறார்கள்; மனஸ்தாபம் உள்ளவராக இருந்தால் இன்னும் நல்லது. குண்டுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன, ஆனால் மெல்ல. சற்றே விலகி வழிவிட்டுவிட்டு, மறுபடி ரம்பத்தை இழுக்கிறார்கள்.