காளியம்மாளின் சைபர்

காளியம்மாள் அந்தத் துண்டுச் சீட்டை மேசைமேல் வைத்த விதம், அழுகின தக்காளியைக் கடைக்காரனிடம் திருப்பித் தருகிற விதமாக இருந்தது.

"ஏம்மா, எனக்கு சைபர் போட்டது யாரு? நீயா, இந்தப் பொட்டியா?"

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டர் நடத்தும் கீதா சீட்டைப் பார்த்தாள். '0 – காளியம்மாள், திருமுக்கூடல் கால்வாய்க்கரை, ஒரு ஏக்கர்.' அவளே அச்சடித்து அவளே கத்தரித்துக் கொடுத்த சீட்டுதான்.

"நீங்கதான்கா மொத ஆளு. அதான் சைபர்."

"மொத ஆளுன்னு எழுதிக்கினு இருந்த என்னை வுட்டுட்டு, செயின் வண்டி, வீராசாமி நைனா கழனிக்குப் போய் எறங்கிச்சி. நெல்லு சாஞ்சி கெடக்குது. இன்னிக்கி மழ வுழுந்தா கதிர்லயே மொளச்சிக்கும். அப்புறம் நானும் சைபருதான்."

செயின் வண்டி என்பது நெல் அறுக்கும் இயந்திரம். வட்டாரத்துக்கே ஒன்று, பஞ்சாட்சரத்துடையது. 2008 சொர்ணவாரிப் போகத்து அறுப்பில் யாருக்கு முதலில் என்று அவர் வீட்டு வாசலில் தினம் சண்டை. பேர் கொடுத்த வரிசையைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் யாரும் தன் சட்டையைப் பிடிக்க முடியாது என்று கணக்குப் போட்டு, அவர் கீதாவிடம் ஒரு வலைப்பக்கம் கேட்டார். சட்டை பிடிக்கப்படும் உரிமை அன்றோடு கீதாவுக்கு மாறியது.

பக்கத்தை அமைத்துத் தரும் டெம்ப்ளேட்டில் அந்த வரிசைக்கு நாலே வரி. பட்டியலிலிருந்து ஒவ்வொரு பெயராக எடுத்து அடுக்கு என்று சொன்னால் அடுக்கும். எத்தனையாவது சுற்று என்பதையும் தானே எண்ணிக்கொண்டு வரும். அந்த எண்ணைக் கேட்டு வாங்க இரண்டு வழி. 'கவுண்ட்டர்' என்று கேட்டால் ஒன்றில் தொடங்கும். 'கவுண்ட்டர் ஜீரோ' என்று கேட்டால் சைபரில் தொடங்கும். சென்னை கம்பெனியில் மூன்று வருஷம் சைபரிலிருந்தே எண்ணிப் பழகிய கை, தானாக இரண்டாவதைப் போட்டுவிட்டது. அச்சில் அந்த சைபரை அவள் பார்க்கத்தான் செய்தாள். அவள் கண்ணுக்கு அது முதலிடமாகவே தெரிந்தது.

வண்டி ஓட்டும் ஏகாம்பரத்துக்குப் போன் போட்டாள்.

"மேடம், சைபர்னா கேன்சலு இல்லியா? எங்க நோட்டுல வேணாம்னு சொன்னவங்க பேருக்கு சைபர்தான் சுயிப்போம். நீங்களும் அதே மாதிரி போட்டுக்கீறீங்களேன்னு சந்தோசப்பட்டேன்."

"அறுக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

"நைனா கற்பூரம் கொளுத்திக்கினு கீறாரு. அணைஞ்சதும் ஸ்டார்ட்டு."

"நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, கீதா 'கவுண்ட்டர்' பக்கத்திலிருந்த '0'வை மட்டும் அழித்தாள். ஓர் எழுத்து. புதுப் பட்டியல் ஒன்றிலிருந்து வந்தது. அதைச் சுருட்டிக்கொண்டு, காளியம்மாளை ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். மேற்கே வானம் ஈயப் பாத்திரம்போல் கறுத்துக்கொண்டிருந்தது.

வீராசாமி புதுப் பட்டியலைக் கையால் தொடவே இல்லை. சட்டைப் பையிலிருந்து தன் சீட்டை எடுத்து, ஓட்டுக் கேட்பவன்போல் விரித்துக் காட்டினார்.

"என் கையில ஒன்னு கீது. நீ இன்னொரு ஒன்னு கொண்டாந்தா எப்பிடி? ஒரு ஊருக்கு ரெண்டு ஒன்னா?"

"பெரியப்பா, சைபருக்கு அப்புறம்தான் ஒன்னு வரும்."

"சைபர்னா ஒன்னும் இல்லன்னு அர்த்தம். ஒன்னும் இல்லாததுக்கு வண்டி அனுப்புவியா? படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?"

தப்பு கீதாவுடையது, சீட்டு அவருடையது. எழுதிக் கொடுத்தவள் சொல்லைவிடக் கையில் இருக்கும் தாளுக்குத்தான் சந்தையில் மதிப்பு. ஏகாம்பரம் வானத்தைப் பார்த்துவிட்டுச் சாவியில் கை வைத்தான்.

அப்போதுதான் காளியம்மாள் வாயைத் திறந்தாள். குரலில் கோபமே இல்லை.

"நைனா, போன போகத்துல உன் களத்துல நெல்லு அளந்தது யாரு?"

"நீதான். அதுக்கின்னா இப்போ?"

"மொத மரக்காலக் கொட்டறப்போ 'ஒன்னு'ன்னா சொன்னேன்?"

ஏகாம்பரம் முந்திக்கொண்டான். "லாபம்னு சொன்னே. எல்லாரும் அப்பிடித்தான் சொல்வாங்க. லாபம், ரெண்டு, மூணு..."

"அந்த லாபந்தான் என் எடம். பாவம், பொட்டிக்குப் பேரு தெரியல, சைபர்னு போட்டுடுச்சி. நீ லாபத்தத் தாண்டிக்கினு ஒன்னுல ஆரம்பிக்கணுமா, ஆரம்பி. நான் தடுக்கல. வாம்மா, போலாம்."

சொல்லிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தேவிட்டாள். விலை படியாதபோது பையை மடக்கிக்கொண்டு கடையைவிட்டு இறங்குவதில் ஒரு வித்தை உண்டு: திரும்பிப் பார்க்கக் கூடாது. அவள் பார்க்கவில்லை. கீதாதான் பார்த்தாள். வீராசாமி அணைந்துபோயிருந்த கற்பூரத்தையும், செயினுக்கு அடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தையும், தன் கையிலிருந்த ஒன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேஜாரு புடிச்சவ," என்றார். பிறகு, "ஏகாம்பரம்! அவ கழனிய முடிச்சிட்டு வா. லாபத்த வுட்டுட்டு எவனாவது ஆரம்பிப்பானா?"

கால்வாயைத் தாண்டினால் காளியம்மாளின் குத்தகை நிலம். சாய்ந்து கிடந்த நெல்லை அடியோடு வழித்தெடுக்க ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. தார்ப்பாயில் நெல் கொட்டியதும் அவள் மரக்காலை எடுத்து, சாமிக்கென்று அளக்கத் தொடங்கினாள்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

கீதா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்று வரவே இல்லை. ஆனால் அளவில் எதுவும் குறையவும் இல்லை. இத்தனை நாள் சைபரா ஒன்றா என்று மட்டுமே யோசித்திருந்தவளுக்கு, இரண்டும் இல்லாமல் ஒரு தொடக்கம் இருக்கலாம் என்பது அன்றுதான் உறைத்தது.

மூட்டைகளை மூடிக் கட்டியபோது முதல் துளி விழுந்தது. நாலு மணிக்குப் பிடித்த மழையில் வீராசாமியின் கழனி சேறாயிற்று. அவருடைய பயிர் நிமிர்ந்து நின்றதால் சேதமில்லை. ஆனால் இரண்டு நாளைக்கு வண்டி இறங்க முடியாது.

மறுநாள் காலை கீதா டெம்ப்ளேட்டைத் திறந்தாள். முதல் சுற்றாக இருந்தால் 'லாபம்' என்று போடு. இல்லாவிட்டால் 'கவுண்ட்டர்' சொல்லும் எண்ணைப் போடு. சேமித்து, அச்சடித்து, கதவில் ஒட்டினாள். வேலை முடிந்ததால் காளியம்மாளின் பெயர் பட்டியலில் இல்லை. கொஞ்ச நேரத்தில் வீராசாமி வந்து நின்றார். திட்டு வாங்கத் தயாராக எழுந்தாள்.

அவர் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து நான் ஒன்னு. இன்னிக்கி லாபம்னு கீது?"

"அது ஆளுக்கு இல்ல பெரியப்பா, எடத்துக்கு. முன்னால கீறவங்க முடிச்சிட்டுப் போனா, அடுத்து நிக்கிறவங்களுக்கு."

"அப்ப காளியோடது..."

"இப்ப உங்களுது. நாளான்னிக்கி உங்களுக்கு அடுத்தவருது."

அவர் விரலை வைத்துக் கீழே இறக்கினார். லாபம், 2, 3, 4. மறுபடி மேலே ஏற்றினார். தலையை ஆட்டிக்கொண்டு, பையிலிருந்து பழைய சீட்டை எடுத்து விசைப்பலகைமேல் வைத்தார்.

"இந்தா, உன் ஒன்ன நீயே வச்சிக்க. எனக்கு வேணாம்."