ஒன்பதாம் கட்டத்துக் கையெழுத்து

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், வீடு வீடாகப் போகும் சமூகப் பணியாளர்களின் உயிரைக் காக்க நலத்துறை வரலாறு காணாத முடிவொன்றை எடுத்துவிட்டது: ஆளுக்கொரு விசில்.

முடிவுக்குக் காரணம் அக்காவின் இடது மணிக்கட்டு. அலுவலகத்தில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவள் அக்காதான். மகளை ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று கேட்கப் போன வீட்டில், தகப்பன் ஸ்டூலைத் தூக்கி வீசியிருந்தான். மாவுக்கட்டோடு வந்தவள் விசிலை இயக்குநர் மேசையிலேயே வைத்துவிட்டு, இனி வெளியே போகும்போது துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்றாள்.

இயக்குநர் உருகிப்போனார். பொறுமையே பணியாளரின் கவசம் என்று கால் மணி நேரம் பேசிவிட்டு, சம்பவப் படிவத்தை நீட்டினார். ஒன்பதாம் கட்டத்தில் அடித்தவர் கையெழுத்து வேண்டும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் சம்பவம். இல்லாவிட்டால் வெறும் புகார். புகாருக்கெல்லாம் துணையாள் தர விதியில்லை.

அக்கா அந்தப் படிவத்தோடு பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியவள்.

“பத்தாவது கட்டத்துல, மேலதிகாரி நேர்ல பார்த்ததா கையெழுத்து போடணும்னு இருக்கே சார். எப்பப் போகலாம்?”

மொத்த அறையும் பேனாவைக் கீழே வைத்தது. தான் பேசினால் கல்லும் கரையும் என்று சொல்லிக்கொண்டே, மேசையில் கிடந்த விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இயக்குநர் கிளம்பினார்.

அந்த வீட்டில் அக்கா வாசலை விட்டு நகரவில்லை. அடி வாங்கியவளுக்குத்தான் வாசலின் அருமை தெரியும். இயக்குநர் நேராக உள்ளே போய், அங்கிருந்த ஒரே ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு, கோபம் குடியைக் கெடுக்கும் என்று ஆரம்பித்தார். தகப்பன் பொறுமையாகத்தான் கேட்டான். பிறகு, “கொஞ்சம் எந்திரிங்க சார்,” என்றான்.

“ஏன்?”

“அதைத்தான் எடுக்கணும்.”

இயக்குநர் தெருமுனை வரை விசில் ஊதிக்கொண்டே ஓடினார். சத்தம் கேட்டு வந்தவை நாலு நாய்கள். அவையும் அவரைத்தான் துரத்தின.

ஸ்டூலைத் தூக்கியவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வீச முடியாது. கீழே வைத்தான். அக்கா படிவத்தை நீட்டினாள்.

“அன்னைக்கு வீசினதுக்கு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே. திங்கட்கிழமை பாப்பா ஸ்கூல்ல இல்லேன்னா, அடுத்த தடவை போலீஸோடதான் வருவேன்.”

போட்டான். தெருமுனையில் நின்றபடியே இயக்குநரும் ‘நேரில் பார்த்தேன்’ என்று போட்டார். திங்கட்கிழமை பாப்பா பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

அன்றே ஆணையும் வந்தது, முத்திரையோடு. இனி வெளியே போகும்போது இயக்குநருக்குத் துணையாள் கட்டாயம்.

துணையாள் அக்கா.